கடைசி இடத்தாரை எதிர்கொள்ளும் நாள்

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற செங்கற்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. கடலுக்குப் போய் மீண்டவர்களும், கல்பாக்கத்தில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்களும், எந்த வேலையும் இன்னும் அமையாத இளைஞர்களும் அந்திவேளையில் அங்கே ஒன்றுசேர்வது வழக்கம். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சென்னையின் எஃப்சி கால்பந்து அணி தன் சொந்த மைதானத்தில் ஹைதராபாத் எஃப்சி அணியைச் சந்திக்கவிருந்த தினத்தன்று, எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருவன் அக்கடை வாசலில் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இன்றும் என் காதில் நிற்கின்றன. “இன்னிக்குக் கவலையே இல்ல மாமா. சீசன் முழுக்க அவங்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. மூணு பாயிண்டை இப்பவே எழுதிக்கலாம். மோகன் பகான் மேட்ச நெனச்சாத்தான் பேஜாரா இருக்கு” என்றான்.

அவன் சொன்னதில் தவறு இருந்ததாக அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. 2022 மார்ச் 20-ஆம் தேதி ஃபதோர்டா மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டி உதைகளில் வென்று இந்தியன் சூப்பர் லீகின் சாம்பியன் பட்டம் சூடிய அதே ஹைதராபாத், இரண்டே ஆண்டுகளில் நிதி நெருக்கடியில் சிக்கி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்து, புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தடையும் பெற்று, வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய அனைவரையும் இழந்து, பயிற்சியாளர் தாங்போய் சிங்தோவின் கையில் எஞ்சிய இளம் இந்தியப் பையன்களைக் கொண்டு எப்படியாவது பருவத்தை முடித்தால் போதும் என்னும் பரிதாப நிலைக்கு வந்திருந்தது. அப்பருவத்தில் ஆடிய 22 ஆட்டங்களில் அவர்கள் தோற்றவை 16, சமன் செய்தவை 5, வென்றது ஒன்று. அந்த ஒரே வெற்றி அன்று மாலை சென்னை நேரு ஸ்டேடியத்தில், ஒரே ஒரு கோலின் பலத்தால், எங்கள் அணிக்கு எதிராக அவர்களுக்குக் கிட்டியது.

மறுநாள் அதே கடையில் ஒரே பேச்சுதான். “திமிரு பிடிச்சுப் போய் ஆடினானுங்க” என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்களும் அதையே வழிமொழிந்தார்கள். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இத்தகைய தோல்விக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம் இதுவே: எளிய எதிரி என்று அலட்சியம் செய்துவிட்டார்கள். இந்த அபிப்பிராயத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படியானால் அன்று நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்; ஏனென்றால் நோயின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால் மருந்தும் தவறாகவே போய்ச் சேரும்.

அலட்சியம் என்பது வசதியுள்ளவனின் குணம். பெட்டியில் பணம் நிறைந்தவன்தான் கீழே விழுந்த காசைக் குனிந்து எடுக்காமல் போவான். அன்றாடம் காய்ச்சியோ ஒரு காசையும் விடமாட்டான். அந்தப் பருவத்தில் சென்னையின் அணி பெற்ற வெற்றிகள் 8, கண்ட தோல்விகள் 11. வென்றதைக் காட்டிலும் தோற்றதே அதிகமாயிருந்த ஓர் அணிக்கு யாரைப் பார்த்தும் கர்வப்படுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. அதன் பயிற்சியாளர் ஓவன் காயலோ, இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன் ஆகிய அணிகளைப் பிரீமியர் லீகில் நடத்திய அனுபவஸ்தர். 2019 டிசம்பரில், தள்ளாடிக்கொண்டிருந்த இதே சென்னை அணியை ஏற்றுக்கொண்டு, மூன்றே மாதங்களில் இறுதியாட்டம் வரை கொண்டுசென்றவர். கடைசி இடத்திலிருப்பவனைக் கண்டு மீசை முறுக்கும் சுபாவம் இவர்களில் யாருக்கும் இருந்ததாக நான் நம்பவில்லை.

ஆனால், அலட்சியம் இல்லாமலே ஒருவன் தன் எதிரே நிற்பவனைப் பார்க்கத் தவறலாம். அப்படித் தவறுவதற்குக் கவலையைப் போல் வலுவான காரணம் வேறொன்றில்லை. பன்னிரண்டு அணிகள் ஆடிய அந்த லீகில் முதல் ஆறு இடத்தாருக்கே பிளே ஆஃப் வாய்ப்பு. ஐந்து இடங்கள் ஏறக்குறைய முடிவாகிவிட, எஞ்சிய ஆறாவது இடத்துக்கு நார்த்ஈஸ்ட் யுனைடெட், பஞ்சாப், ஈஸ்ட் பெங்கால், பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் என்று பலரும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தகைய ஸ்திதியில் இருக்கும் ஓர் அணியின் மனம் மைதானத்தில் இருப்பதில்லை, அட்டவணையில் இருக்கிறது. எவனிடம் எத்தனை புள்ளி பிடுங்கலாம், எவனிடம் ஒன்றாவது கிடைக்குமா, அவன் அங்கே தோற்றால் நமக்கு இங்கே என்ன லாபம் என்றெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கையில், பலவீனமான எதிரிக்கு நேரே மட்டும் யோசனையின்றி மூன்று என்னும் எண் விழுந்துவிடுகிறது. வலை கரையேறுவதற்குள் மீனுக்கு விலை பேசிவிட்டதைப் போல அந்த மூன்று புள்ளிகள் கணக்கில் ஏறிவிட, சிந்தனை முழுவதும் அதற்கடுத்த கடினமான ஆட்டங்களின்மேல் போய் அமர்ந்துகொள்கிறது. தேநீர்க்கடைப் பிள்ளை அன்று சொன்னது அதுதானே? அவன் பேச்சில் திமிர் துளியும் இல்லை. மோகன் பகானை எண்ணிய பயத்தில்தான் அவன் ஹைதராபாத்தைக் கணக்கில் எழுதி மூடிவைத்தான்.

இது மனத்தின் பக்கம். கால்களின் பக்கமும் ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் ஊரில் எவரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை. தோல்விகளின் நடுவே தத்தளிக்கும் அணி, பருவம் நடக்க நடக்க, தன்னைவிட வலியவர்களை எதிர்த்து ஆடும் முறை ஒன்றை அறிந்தோ அறியாமலோ பழகிக்கொள்கிறது. பந்தை அவன் வைத்துக்கொள்ளட்டும், நாம் நம் கோல் கம்பத்துக்கு முன்னே நெருக்கமாக நிற்போம், அவன் முன்னேறி வந்து தவறுகிற சமயத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடக்கும் வெற்றிடத்தில் ஓடுவோம் என்பதே அம்முறை. ஏழையின் ஆட்டமானாலும் அது கேவலமான ஆட்டமன்று. பொறுமையும் ஒழுங்கும் தேவைப்படும் வித்தை. ஆனால் கடைசி இடத்திலிருப்பவன் வந்து, அதே முறையில், தன் பதினொருவரையும் பின்னே நிறுத்திக்கொண்டு, “பந்து உன்னிடமே இருக்கட்டும்” என்று கொடுத்துவிட்டானானால், இதுவரை பந்தில்லாமல் ஆடிப் பழகியவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அடைத்து நிற்கும் கதவை மெல்ல மெல்லத் தட்டித் திறப்பதற்கு, ஒரே எட்டில் இருவரை ஏமாற்றும் ஆட்டக்காரனும், நூலிழை போன்ற இடைவெளியில் பந்தைக் கோத்துவிடும் மற்றொருவனும் வேண்டும். அத்தகையோர் இருந்திருந்தால் அந்த அணி அட்டவணையின் அடிப்பாதியில் ஏன் கிடக்கப்போகிறது? ஆகவே எல்லோரும் எளிது என்று சொல்லும் ஆட்டம், தத்தளிக்கும் அணிக்கு, சாம்பியனை எதிர்கொள்வதைவிடவும் அந்நியமான, அதனாலேயே கடினமான ஆட்டமாக அமைந்துவிடுகிறது. முதல் கோலை எதிரி போட்டுவிட்டாலோ, கதவுக்கு மேல் பூட்டும் விழுந்தது.

இதற்கு நிரூபணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அந்த மார்ச் மாதம் முடியுமுன்னரே, 31-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், எந்த அணியை நினைத்து எங்கள் பிள்ளை நடுங்கினானோ அதே மோகன் பகானை, பின்னர் லீகின் முதலிடத்துக் கேடயத்தையே வென்ற அந்த மோகன் பகானை, சென்னையின் அணி 3-2 என்று வென்றது. ஆட்டத்தின் உபரி நேரமும் முடியப்போகும் தறுவாயில் இர்ஃபான் யட்வாட் போட்ட கோல் அதைச் சாதித்தது. கடைசி இடத்தாரிடம் தோற்று, முதலிடத்தாரை வென்ற அணி ஒன்றே. அதே பயிற்சியாளர், அதே மாதம். இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கொல்கத்தாவில் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆட்டத்தை ஆட நேர்ந்தது. சென்னையில் தெரியாத ஆட்டத்தை ஆட நேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

இனி எதிர்த்தரப்பைப் பார்ப்போம். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியிடம் ஆடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள், அந்த ஆட்டக்காரனின் வயதை மறந்துவிடுகிறார்கள். அணிக்கு அந்த வருஷம் முடிந்துபோயிருக்கலாம். இருபது வயதுப் பையனுக்கு வாழ்க்கை அப்போதுதான் தொடங்குகிறது. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாமல் ஆடிய அந்த ஹைதராபாத் இளைஞர்களுக்கு, எஞ்சிய ஒவ்வோர் ஆட்டமும் அடுத்த வருஷத்து வேலைக்கான நேர்முகப் பரீட்சை. மற்ற அணிகளின் நிர்வாகிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலே தாய்தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே ஏறும் கணக்கும் இல்லை, கீழே விழும் கணக்கும் இல்லை. அந்த லீகிலிருந்து கடைசி இடத்தாரைக் கீழிறக்கும் வழக்கம் அப்போது இல்லாமையால், அட்டவணை என்னும் சுமையே அவர்கள் தலையில் இல்லை. கணக்கில் மூழ்கிய பதினொருவரைக் கணக்கே இல்லாத பதினொருவர் எதிர்ப்பட்டால், காலுக்கு வந்த பந்தை முழுமனத்தோடு ஆடுபவர்கள் யாராயிருப்பார்கள்?

வருத்தம் என்னவென்றால், இந்தப் பாடம் சென்னையின் அணிக்கு வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியதாய் இருக்கவில்லை. 2018 மார்ச்சில் பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று சாம்பியனான அந்த அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மாத்திரம் பெற்று அட்டவணையின் அடித்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிக் கிடந்த சமயத்தில், 2019 பிப்ரவரி 9-ஆம் தேதி, முதல் இடத்தில் வீற்றிருந்த பெங்களூரு அணி சென்னைக்கு வந்தது. ஜேஜே லால்பெக்லுவாவும் கிரகரி நெல்சனும் கோல் போட, சென்னை 2-1 என்று வென்றது. அந்தப் பருவம் முழுவதிலும் சென்னைக்குக் கிடைத்த வெற்றிகள் இரண்டே. அவற்றில் ஒன்று முதலிடத்தாரிடமிருந்து பெற்றது. கடைசி இடத்திலிருப்பவனுக்கு இழப்பதற்கு ஏதுமில்லாத மாலைப்பொழுதில் என்ன தைரியம் பிறக்கும் என்பதைத் தன் உடம்பிலேயே அனுபவித்தறிந்த சங்கம் அது. அந்த அறிவு ஐந்து வருஷத்துக்குள் எங்கே போயிற்று? ஆட்டக்காரர்கள் வருஷந்தோறும் மாறுகிறார்கள், பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள். சங்கத்தின் ஞாபகத்தைக் காத்துவைப்பவர் என்று யாருமில்லை. பெங்களூரு அன்று தோற்றபோதிலும் பின்னர் பட்டத்தை வென்றது என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. வலியவன் ஒரு நாள் கண்ணயர்ந்ததற்கான விலையைக் கொடுத்துவிட்டு நடந்துபோகிறான். மெலிந்தவனால் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

உலகக் கோப்பையிலும் இதையே கண்டோம். 2018-இல் நடப்புச் சாம்பியனாக ரஷ்யாவுக்குப் போன ஜெர்மனி, மெக்சிகோவிடம் தோற்று, ஸ்வீடனை உபரி நேரத்தில் டோனி குரோஸ் அடித்த ஃப்ரீ கிக்கினால் மயிரிழையில் வென்று, தட்டுத்தடுமாறியபடி கடைசி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே இருந்தது, முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்த தென் கொரியா. ஜூன் 27 அன்று கசான் நகரில் தொண்ணூறு நிமிஷமும் ஜெர்மானியர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள், கதவு திறக்கவில்லை. உபரி நேரத்தில் கொரியர்கள் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டாவதைப் போட்டபோது ஜெர்மனியின் கோல்கீப்பர் தன் கம்பத்தை விட்டு எதிரியின் பாதிக்கே போய்விட்டிருந்தார். 1938-க்குப் பிறகு முதன்முறையாக ஜெர்மனி முதற்சுற்றோடு வீடு திரும்பியது. அவர்களையும் அன்று திமிர் பிடித்தவர்கள் என்று உலகம் ஏசியது. திமிர் பிடித்தவன் அப்படியா பதறுவான்?

நேர்மையாகச் சொல்வதென்றால், மறுபக்கத்துக்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 2019 மார்ச் 9-ஆம் தேதி, ஐ-லீக் என்னும் மற்றொரு லீகின் கடைசி நாளில், சென்னை சிட்டி எஃப்சி என்னும் வேறோர் அணி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. அதற்கு முந்திய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றுவந்த சென்னை சிட்டிக்கு, பட்டம் நழுவாதிருக்க வெற்றி வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி இடைவெளியில் காத்திருந்தது. மினர்வாவோ முந்திய ஆண்டின் சாம்பியனாயிருந்தும் அந்த ஆண்டு நலிந்து, அட்டவணையில் வெகுகீழே கிடந்த அணி. ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அரங்கம் மூச்சடைத்துக் கிடந்தது. அதன் பிறகுதான் பெட்ரோ மான்ஸியின் பெனால்டியும் கௌரவ் போராவின் இரண்டு கோல்களும் வந்து, 3-1 என்று ஆட்டம் முடிந்து, 43 புள்ளிகளோடு பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அடி சீக்கிரமாக விழுந்ததே அன்றைக்கு அவர்கள் செய்த பாக்கியம் என்பது என் எண்ணம். எண்பதாம் நிமிஷத்தில் விழுந்திருக்குமானால் எழுந்து நிற்க அவகாசம் ஏது? சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ், நீண்ட உயரப் பந்துகளை நம்பாமல் தரையோடு பந்தை நகர்த்தி ஆடும் முறையை அந்த இளைஞர்களுக்குப் பருவம் முழுவதும் பழக்கியிருந்தார் என்பதும் ஒரு முக்கியமான காரணம். அடைத்த கதவைத் திறக்கும் வித்தை அவர்கள் கையிலிருந்தது; தத்தளிக்கும் அணியிடம் அது இருப்பதில்லை.

எங்கள் ஊரின் பெயரிலேயே சதுரங்கம் இருப்பதனால், அந்த விளையாட்டின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. 2022-இல், எங்களூருக்கு வடக்கே, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. நம் பெண்களின் முதல் அணி கடைசிச் சுற்றுக்குப் போகும்போது அட்டவணையின் தலைமையில் இருந்தது. கடைசிச் சுற்றில், தங்கப் பதக்கப் பந்தயத்தில் பின்தங்கியிருந்த அமெரிக்க அணியிடம் 1-3 என்று தோற்று, வெண்கலத்தோடு நின்றது. அந்தப் பெண்கள் எதிரிகளை எளியவர்களாக எண்ணினார்கள் என்று சொல்ல என் நாக்கு கூசும். ஆனால் கடைசி நாளில் பதக்கம் என்ற ஒன்று கட்டங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத காயாக வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதை, அந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் பஸ்ஸேறி அங்கே போய்வந்த எனக்கு உணர முடிந்தது.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், என் யோசனை எளியது. பருவத்தின் கடைசி மாதத்தில் ஓர் அணியின் ஆயத்தத்தை எதிரியின் இடத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. எதிரி எப்படி நிற்பான் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். அடைத்து நிற்பவனை எதிர்கொள்ளும் வாரத்தில், பயிற்சியில் பாதி நேரத்தை, அடைத்து நிற்கும் பதினொருவருக்கு எதிராகவே செலவிட வேண்டும். கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்துகளில் மற்ற வாரங்களைவிட இரட்டிப்புச் சிரத்தை வேண்டும். ஏனெனில் மூடிய கதவில் இருக்கும் ஒரே சாவித்துவாரம் பெரும்பாலும் அதுதான். அட்டவணையை உடைமாற்றும் அறையின் சுவரிலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கடைசி இடத்தார் ஆடும் ஆட்டத்தைச் “சம்பிரதாய ஆட்டம்” என்று எழுதி, மூலையில் நான்கு வரியோடு முடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்த நான்கு வரியைப் படித்துத்தான் எங்கள் தேநீர்க்கடைப் பிள்ளைகள் மூன்று புள்ளிகளை முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் ஆட்டக்காரர்களும் அதே பத்திரிகைகளைத்தானே படிக்கிறார்கள்? சம்பளமில்லாமல் ஆடி ஜெயித்த அந்த ஹைதராபாத் பையன்களைப் பற்றி மறுநாள் நாம் படித்ததெல்லாம் சென்னையின் அவமானம் என்றே இருந்தது. அவர்களுடைய கௌரவம் என்று எழுதியவர்களை நான் காணவில்லை. அது எனக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

பருவத்தின் முடிவில் சென்னையின் அணி 27 புள்ளிகளோடு ஆறாம் இடம் பெற்றது. ஏழாம் இடத்து நார்த்ஈஸ்டுக்கு 26. கோவாவுக்குப் போய் பிளே ஆஃபின் முதல் ஆட்டத்திலேயே 2-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். அந்த மார்ச் மாதத்து மூன்று புள்ளிகள் இல்லாமலே ஆறாம் இடம் கிட்டிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். ஒரு புள்ளி இடைவெளியில் கிட்டியது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

சென்ற வாரம் அந்தப் பிள்ளையைக் கோட்டைப் பக்கம் மறுபடி பார்த்தேன். இப்போது அவனுக்குக் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை. கையில் டிபன் பெட்டி. “பெரிய டீம் வர்ற அன்னிக்குச் சொல்லு மாமா, டிக்கெட் எடுத்து வைக்கிறேன், சேர்ந்து போலாம்” என்றான். பெரிய அணி வரும் நாளுக்கு வேறு யாரையாவது அழைத்துப் போகச் சொன்னேன். அட்டவணையில் கடைசியாகக் கிடக்கும் அணி நேரு ஸ்டேடியத்துக்கு வரும் நாளில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

“அந்த மேட்சுக்கா மாமா?” என்றான்.

“அந்த மேட்சுக்குத்தான், தம்பி. மத்தியானமே பஸ் ஏறிடணும்” என்றேன்.